மரத்தடி நிழல்

கிளை பரப்பி நிற்கும் பெரியதொரு மரம். அதன் அடியில் ஒரு கிராமமே திரண்டிருக்கிறது. இளைஞரும் கன்னியரும் ஆடிக் களிக்கிறார்கள். ஆடாதவர்கள் பார்த்து மகிழ்கிறார்கள். வேலையின் சுவடு எதுவும் நம் கண்ணை உறுத்துவதில்லை. உழைத்துக் களைத்த மக்கள் ஒரு நாள் இளைப்பாறுகிறார்கள் என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே புரிந்துகொள்கிறோம். புரிந்துகொண்டதும் நம் மனமும் அவர்களோடு சற்று இளைப்பாறுகிறது.

இந்தச் சித்திரத்தைத் தீட்டியவர் வில்லியம் பவெல் ஃபிரித் என்னும் ஆங்கில ஓவியர். 1847-ஆம் ஆண்டு இலண்டன் ராயல் அகாடமியின் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. ஓவியருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. விக்டோரியா அரசியார் பட்டத்துக்கு வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. படத்துக்கு ஃபிரித் இட்ட பெயர், 'நூறாண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலக் களியாட்டம்' என்பதாகும்.

ஓவியத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பெயரைக் கவனிப்பதில்லை. நாமோ பெயரிலேயே நின்றுவிட்டோம். களியாட்டத்தை வரைய வந்தவர், தம் கண்முன் இருந்த கிராமத்தை விட்டுவிட்டு, தாம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னிருந்த கிராமத்தை ஏன் நாடிப் போனார்? 1847-இல் இங்கிலாந்தின் மர நிழல்களில் மனிதர்கள் இல்லையா? இருந்தார்கள் என்றால், அவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பிறருடைய ஓய்வைப் பார்த்து நாம் மகிழும்போது, உண்மையில் எதைப் பார்த்து மகிழ்கிறோம்? இந்தக் கேள்விகளைச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எளிய மக்களின் அன்றாட வாழ்வை வரைவது ஐரோப்பிய ஓவியக் கலையில் ஒரு தனிக் கிளை. அரசர்களையும் போர்க்களங்களையும் விட்டு இறங்கி, குடியானவனின் முற்றத்துக்கும் சந்தைக்கும் வந்த கலை அது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் பீட்டர் புரூகல். 1565-ஆம் ஆண்டில் அவர் தீட்டிய 'அறுவடை செய்வோர்' என்னும் ஓவியம் இன்று நியூயார்க் நகரத்துப் பெருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு மரம் உண்டு. அதன் அடியில் சிலர் உட்கார்ந்து உண்கிறார்கள். ஒருவன் கால்களைப் பரப்பி மெய்ம்மறந்து உறங்குகிறான். ஆனால் சற்றே பார்வையைத் திருப்பினால், அதே வயலில் வேறு சிலர் இன்னும் கோதுமைத் தாளை அரிந்துகொண்டிருக்கிறார்கள். உண்பவன் மறுபடி எழுந்து போக வேண்டும், அரிபவன் வந்து உட்கார வேண்டும் என்பது படத்திலேயே எழுதியிருக்கிறது. உழைப்பிலிருந்து ஓய்வை அந்த ஓவியர் பிரித்தெடுக்கவில்லை.

முந்நூறு ஆண்டுகள் கழித்து விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இந்தக் கலை பெரும் செல்வாக்குப் பெற்றது. அப்போது அதை வாங்கியவர்கள் பழைய பிரபுக்கள் மட்டும் அல்லர். பஞ்சாலையிலும் கம்பளி ஆலையிலும் வாணிகத்திலும் புதிதாகச் செல்வம் சேர்த்த முதலாளிகள் அதற்குப் பெரும் புரவலர்களாய் விளங்கினர். நகரத்துப் புகையில் பொருள் ஈட்டியவர்கள் நாட்டுப்புறத்து நிழலை விலை கொடுத்து வாங்கித் தங்கள் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். நிழலை அவர்கள் விரும்பியதில் குற்றம் இல்லை. எந்த நிழலை விரும்பினார்கள், எதை விரும்பவில்லை என்பதே ஆராயத்தக்கது.

ஃபிரித்தின் ஓவியம் காட்சிக்கு வந்த அந்த 1847-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பத்து மணி நேரச் சட்டத்தை நிறைவேற்றியது. நெசவாலைகளில் பெண்களும் பதினெட்டு வயதுக்குட்பட்ட இளையோரும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்பது அதன் சாரம். அதற்காக ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அதே ஆண்டில், ஏழைகள் நிவாரணத்தை மேற்பார்வையிட்டு வந்த ஆணையம் கலைக்கப்பட்டது. ஆண்டோவர் என்ற ஊரின் ஏழையர் விடுதியில், உரத்துக்காக எலும்பு உடைக்கும் வேலையில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள், பசி தாங்காமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த மச்சையையும் நரம்பையும் கடித்துத் தின்றார்கள் என்ற செய்தி 1845-இல் வெளிப்பட்டு நாட்டையே கூச வைத்தது. அதன் விளைவே அந்தக் கலைப்பு.

கிராமத்துப் பொது நிலத்தின் கதை இன்னொன்று. 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட சட்டங்களால், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 68 இலட்சம் ஏக்கர், வேலியடைப்புக்கு உள்ளாயிற்று. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் எளியவர்கள் வழிவழியாய்ப் பயன்படுத்திய நிலத்தில் பெரும்பகுதி இவ்வாறு தனியார் வசமாயிற்று. ஃபிரித் வரையும்போது இதில் பெரும்பங்கு நடந்து முடிந்திருந்தது. ஆடுவதற்கு இடம் குறைந்துவிட்ட காலத்தில் வரையப்பட்ட ஆட்டம் அது. 'நூறாண்டுகளுக்கு முன்' என்ற சொற்களின் பொருள் இப்போது நமக்குத் துலங்குகிறது.

ஓவியருக்கு நியாயம் செய்வதும் நம் கடமை. தம் காலத்து உடை சித்திரத்துக்கு அழகற்றது என்ற எண்ணம் அந்நாளைய ஓவியரிடையே பரவியிருந்தது. பழைய உடையை வரைவதற்காகவே பழைய காலத்தை நாடியவர் பலர். ஃபிரித்தும் பின்னாளில் இந்தத் தயக்கத்தை உதறிவிட்டு, கடற்கரைக் கூட்டத்தையும் குதிரைப் பந்தயத் திடலையும் இரயில் நிலையத்தையும் தம் காலத்து மனிதர்களோடு வரைந்து புகழ் பெற்றார். மேலும், எளியவர்கள் மகிழ்ந்திருப்பதைக் காட்டுவது பொய்யாகிவிடாது. வறுமையிலும் சிரிப்பு உண்டு. கூலிக்காரன் வீட்டிலும் திருமணம் உண்டு. ஏழையை எப்போதும் அழுத முகத்தோடுதான் காட்ட வேண்டும் என்பதும் அவனுக்கு இழைக்கும் ஓர் அவமதிப்பே ஆகும். ஆகவே, இப்படம் பொய் என்று நாம் சொல்லவில்லை. இது பாதி உண்மை என்கிறோம். மற்றப் பாதியைத் தேட வேண்டுமானால், வேறு சில மரத்தடிகளுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் மாவட்டத்தில் டால்படில் என்று ஒரு சிற்றூர். அதன் பசும்புல் திடலில் பழமையான சைக்கமோர் மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1833-ஆம் ஆண்டளவில் அவ்வூர்ப் பண்ணையாட்கள் அதன் நிழலில் கூடிப் பேசினார்கள் என்பது வழிவழிச் செய்தி. பேச்சு வாரக் கூலியைப் பற்றியது. ஒன்பது ஷில்லிங்காக இருந்தது எட்டாயிற்று, எட்டு ஏழாயிற்று, இனி ஆறுதான் என்ற அச்சுறுத்தலும் வந்தது. அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவருக்கொருவர் உண்மையாய் இருப்போம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். சங்கம் அமைப்பது அப்போது சட்ட விரோதம் அன்று. ஆகவே, கடற்படைக் கலகத்துக்காக 1797-இல் இயற்றப்பட்ட இரகசிய உறுதிமொழித் தடைச் சட்டத்தைத் தேடி எடுத்தார்கள். 1834 மார்ச் மாதத்தில் ஜார்ஜ் லவ்லெஸ் உள்ளிட்ட ஆறு பேருக்கு ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு அவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் 1836-இல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

ஆடுவதற்காக மரத்தடியில் கூடினால் அது சித்திரம். கூலியைப் பற்றிப் பேசக் கூடினால் அது குற்றம். மரமும் நிழலும் மனிதர்களும் ஒன்றே. ஆனால் ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள்; மற்றதைக் கப்பலில் ஏற்றினார்கள். எளியவன் இளைப்பாறுவதை உலகம் விரும்புகிறது; அவன் வாய் திறவாதிருக்கும் வரையில்தான் விரும்புகிறது. இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய குறை என்று எவரும் எண்ண வேண்டா.

இன்னொரு மரத்தடி வாரிக்ஷயரில் உள்ள வெல்ஸ்பர்ன் என்ற ஊரில் இருந்தது. 1872 பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு. மழை நனைத்த குளிர்காலத்து இருட்டு. ஜோசப் ஆர்ச் என்னும் பண்ணைத் தொழிலாளி அங்கிருந்த செஸ்ட்நட் மரத்தின் அடியில், ஒரு பலகை முக்காலியின் மேல் ஏறி நின்று பேசினார். சிலர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டிருந்தார்கள் என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். கொடிப்பந்தல் கழிகளில் தொங்கவிட்ட விளக்குகளின் வெளிச்சத்தில் அந்த முகங்களை அவர் கண்டார். ஓவியத்துக்கு அதைவிடச் சிறந்த காட்சி வேறென்ன வேண்டும்?

அந்த மக்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும் அன்று என்பது நம் கருத்தில் பதிய வேண்டிய செய்தி. நாட்கூலி இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வேண்டும் என்றவர்கள், வேலை நேரம் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை இருக்க வேண்டும், சனிக்கிழமை 3 மணியோடு முடிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நெசவாலைப் பெண்ணுக்காவது சட்டம் ஒரு மணியைக் குறித்துக் கொடுத்திருந்தது. வயலில் நின்றவனுக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. அவனுடைய ஓய்வு சூரியனின் கையிலும் மழையின் கையிலும் பண்ணையாரின் கையிலும் இருந்தது. நாம் ஓவியத்தில் கண்டு மகிழும் கிராமத்து ஓய்வுக்கு அன்று ஆதாரச் சீட்டு எதுவும் கிடையாது. கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை. கொடுக்கப்படுவது கொடை எனப்படும். கேட்டுப் பெறும் தகுதியுள்ளதுதான் ஹக்கு. மரத்தடியில் நனைந்து நின்ற அந்த இரண்டாயிரம் பேரும் கொடையை ஹக்காக மாற்றிக் கேட்டவர்கள்.

இனி, நிழலே இல்லாத ஓர் ஓவியத்துக்கு வருவோம். 1858-ஆம் ஆண்டு ராயல் அகாடமி கண்காட்சியில் ஹென்றி வாலிஸ் என்பவர் 'கல் உடைப்பவர்' என்ற படத்தை வைத்தார். அந்தி மங்கும் வேளை. வேலை உடுப்போடு ஒரு மனிதர் கற்குவியலின் அருகே சாய்ந்திருக்கிறார். தலை கவிழ்ந்திருக்கிறது, கைச் சம்மட்டி நழுவிக் கிடக்கிறது. நாளெல்லாம் உழைத்த களைப்பில் கண்ணயர்ந்துவிட்டார் என்றே முதலில் தோன்றும். கூர்ந்து பார்த்தால், அவருடைய காலடியில் கீரியை ஒத்த சிறு பிராணி ஒன்று அச்சமின்றி நிற்பது தெரியும். அது அஞ்சவில்லை, ஏனென்றால் அவர் இனி அசையப் போவதில்லை. அவர் உறங்கவில்லை, இறந்துவிட்டார்.

சாலைக்குக் கல் உடைப்பது அக்காலத்தில் ஏழையர் விடுதிகளில் கதியற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று. உதவி கேட்டு வந்தவன் சோம்பேறி அல்லன் என்று மெய்ப்பிக்கக் கல்லை உடைத்துக் காட்ட வேண்டும். வாலிஸின் படத்தைக் கண்ட பலர் அந்த மனிதர் தூங்குகிறார் என்றே நினைத்தார்களாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். களைத்தவன் கீழே கிடந்தால் ஓய்வெடுக்கிறான் என்று எண்ணிக்கொண்டு கடந்து போவது நமக்கு வசதியாக இருக்கிறது. கண்ணுக்கு நாம் அளித்த பழக்கம் அது. உயிர் போனவனையும் உறங்குகிறவன் என்று காட்டி நம்மை நிம்மதியாக வைத்திருக்க அந்தப் பழக்கத்தால் முடிகிறது.

மூன்றாவதாக ஒரு படம். 1874-ஆம் ஆண்டு அயர் குரோ என்பவர் காட்சிக்கு வைத்த 'விகன் நகரத்துப் பகலுணவு வேளை'. இன்று இது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. வடக்கு இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர் விகன். ஆலைப் பெண்கள் வெளியே வந்து தாழ்ந்த மதிற்சுவரின் மேலும் அருகிலுமாக அமர்ந்திருக்கிறார்கள். தோளில் சால்வை, கூந்தலுக்கு வலை. சிலர் உண்கிறார்கள், சிலர் பேசுகிறார்கள். பின்னால் ஆலைக் கட்டடமும் புகைபோக்கியும் நிற்கின்றன. மரம் இல்லை, புல் இல்லை. ஆனால் அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. இந்த ஒரு வேளை தங்களுடையது என்று அறிந்தவர்களின் தெளிவு அது.

அது கற்பனையும் அன்று. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைப் பெண்களுக்கு உணவு வேளையையும் சனிக்கிழமை 2 மணிக்கு வேலை முடிவதையும் உறுதி செய்தது. குரோவின் படம் வெளிவந்த 1874-இலேயே வந்த இன்னொரு சட்டம் வார வேலையை ஐம்பத்தாறரை மணி நேரமாகக் குறைத்தது. அந்தச் சுவரின் மேல் அமர்ந்திருக்கும் பெண்ணை எவரும் தயவு செய்து உட்கார வைக்கவில்லை. மணி அடித்தால் எழுந்து போக வேண்டியவள்தான். ஆனால் அந்த மணி அடிக்கும் வரையில் அவளை எழுப்ப முதலாளிக்கும் அதிகாரம் இல்லை. அக்காலத்து விமரிசகர் ஒருவர், இவ்வளவு கவர்ச்சியற்ற பொருளில் ஓவியர் தம் காலத்தை வீணாக்கிவிட்டாரே என்று வருந்தி எழுதினார். நூறாண்டுக்கு முற்பட்ட கிராமத்தில் ஓய்வு அழகாக இருந்தது; பக்கத்து ஊர் ஆலை வாசலில் அதே ஓய்வு கவர்ச்சியற்றதாகிவிட்டது.

குரோ உண்மையை முழுவதும் காட்டிவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. அவர் வரைந்த பெண்கள் உடல்நலமும் தூய்மையும் உடையவர்களாகவே தோன்றுகிறார்கள். பஞ்சுத் தூசியால் வரும் இருமலை வண்ணத்தில் தீட்ட முடியாது. ஆயினும் இந்த ஓவியர் ஓய்வைப் பற்றி நமக்குக் கற்பிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இளமையில் அவர் நாவலாசிரியர் தாக்கரேயின் செயலாளராக அமெரிக்கா சென்றவர். 1853 மார்ச் மாதத்தில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் அடிமைகளை ஏலம் விடும் இடத்துக்குப் போய்க் கண்டதை வரைந்தார். அங்கிருந்தவர்கள் ஆத்திரமுற்று அவரை வெளியேறச் செய்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு அவர் தீட்டிய 'விற்பனைக்குக் காத்திருக்கும் அடிமைகள்' என்ற ஓவியம் 1861-இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது. அதிலும் பெண்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். நல்ல உடை உடுத்தியிருக்கிறார்கள். மடியில் குழந்தைகள் இருக்கின்றன. அவர்களுக்கு அந்நேரம் எந்த வேலையும் இல்லை. தெரியாதவர் பார்த்தால் இளைப்பாறுகிறார்கள் என்பார்.

உட்கார்ந்திருப்பதெல்லாம் ஓய்வாகிவிடுமா? எழுந்து போகும் உரிமை இல்லாதவளின் இருக்கை ஓய்வாகாது. அந்தக் கறுப்புப் பெண்களைப் போன்றோர் பறித்த பஞ்சுதான் விகன் போன்ற ஊர்களின் ஆலைகளுக்கு வந்தது. அங்கே நூற்று நெய்த துணிக்கு மிகப் பெரிய சந்தையாக இருந்தது நம் இந்திய நாடு. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வருவது தடைப்பட்ட 1861 முதல் 1865 வரையிலான காலத்தில் லங்காஷயரின் ஆலைகள் மூடிக் கிடந்தன. அப்போது இந்தியப் பஞ்சு அங்கே ஏற்றுமதியாயிற்று. ஆலை மூடிக் கிடந்த அந்நாட்களில் தொழிலாளர் வீதியில் சும்மா நின்றார்கள். அதுவும் ஓய்வன்று. வேலையில்லாதவன் இளைப்பாறுகிறான் என்று யாரே சொல்வர்? ஓய்வு என்பது வேலையின் மறுபக்கம். அதன் முன்னால் உழைப்பும் அதன் பின்னால் உணவும் இருந்தால்தான் அது ஓய்வு.

படத்துக்குள் இருப்பவர்களைப் பற்றி இதுவரை பேசினோம். படத்தின் முன் நிற்க யாருக்கு நேரம் இருந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. லீட்ஸ் நகரத்துத் துணி உற்பத்தியாளரின் மகனான ஜான் ஷீப்ஷாங்க்ஸ், தாம் சேர்த்த 233 தைல வண்ண ஓவியங்களை 1857-இல் நாட்டுக்கு நன்கொடையாக அளித்தார். தாமஸ் வெப்ஸ்டரின் 'கிராமப் பாடகர் குழு' முதலான நாட்டுப்புறக் காட்சிகள் பல அதில் அடங்கும். உழைக்கும் மக்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வந்து இவற்றைக் காண வேண்டும் என்பது தம் விருப்பம் என்றும் அவர் தெரிவித்திருந்தார். சவுத் கென்சிங்டன் காட்சியகத்தில் எரிவாயு விளக்கேற்றி மாலை நேரங்களிலும் மக்களை அனுமதித்தார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் தொழிலாளிக்கு முழு விடுமுறை நாளாக இருந்த ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் கதவு அடைத்தே கிடந்தது. இலண்டனின் தேசியக் காட்சியகங்கள் ஞாயிறன்று திறக்கப்பட்டது 1896-இல்தான். உழைப்பாளியின் ஓய்வைப் பற்றிய ஓவியங்களை உழைப்பாளியின் ஓய்வு நாளில் உழைப்பாளி பார்ப்பதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

எதிர்த்தவர்கள் எல்லாரும் தீயவர்கள் அல்லர். ஞாயிறு புனித நாள் என்ற சமய நம்பிக்கை அவர்களுடையது. அதோடு இன்னொரு வாதமும் அவர்கள் பக்கம் இருந்தது: காட்சியகம் திறந்தால் அதன் காவலாளி வேலைக்கு வர வேண்டும், வண்டிக்காரன் வண்டி பூட்ட வேண்டும், ஒருவனுடைய ஓய்வுக்காக இன்னொருவனுடைய ஓய்வைப் பறிக்கலாமா? இந்த வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உண்மையில், ஓய்வைப் பற்றிய அறக் கேள்விகளில் இதுவே மிகக் கடினமானது என்று நாம் கருதுகிறோம். ஒருவன் கை கட்டி உட்கார வேண்டுமானால், எங்கேயோ இன்னொரு கை இயங்கியாக வேண்டும். ஃபிரித்தின் மரத்தடியில் ஒரு கிராமமே களிக்கிறது. அவர்கள் பசியாறும் உணவைச் சமைத்தவள் எப்போது ஆட வந்தாள்?

இதற்கு விடை, எல்லாரும் ஒரே நேரத்தில் கை கட்டி உட்காருவது அன்று, அது இயலாது. மருத்துவமனை மூடாது, அடுப்பு அணையாது. விடை புரூகலின் பழைய வயலில் இருக்கிறது. சிலர் உண்ண, சிலர் அரிய, பிறகு அரிந்தவர்கள் உண்ண வர வேண்டும். ஓய்வு முறை வைத்து வந்தால் அது நீதி. ஒரு பக்கமே தங்கிவிட்டால் அது கொள்ளை. காட்சியகக் காவலாளிக்கு ஞாயிறு போனால் வேறொரு நாள் கிடைக்க வேண்டும். இதைச் செய்துவிட்டுக் கதவைத் திறந்திருக்கலாம். முப்பத்தொன்பது ஆண்டுகள் தேவைப்பட்டிரா.

இவ்வளவும் கடல் கடந்த ஒரு நாட்டின் பழங்கதை என்று வாசகர்கள் ஏட்டை மூடிவிடக் கூடாது. பெருநாள் காலையில் தொழுகை முடிந்து வந்து நாம் கூடத்தில் அமர்கிறோம். உற்றார் வருகிறார்கள்; சிரிப்பும் பேச்சும் நிறைகின்றன. அந்தக் கூடத்தை ஓர் ஓவியர் தீட்டினால் ஃபிரித்தின் படத்துக்கு அது இளைத்ததாக இராது. ஆனால் விடியலுக்கு முன்பே எழுந்து அடுப்படியில் நிற்கும் உம்மா அந்தப் படத்தில் இருப்பாரா? பாத்திரம் துலக்க வந்தவள் இருப்பாளா? பிற்பகலில் எல்லாரும் உண்டு உறங்கிய பிறகு, ஒரு முக்காலியில் அமர்ந்து ஆறிய சோற்றைப் பிசைகிறாரே, அந்தக் காட்சியை யாராவது வரைவார்களா? வரைந்தால் அதை நம் கூடத்துச் சுவரில் நாம் மாட்டுவோமா?

அழகிய ஓவியங்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. மர நிழலில் மனிதர்கள் மகிழ்ந்திருப்பதை விரும்பாத மனம் நோயுற்ற மனம். நாம் வேண்டுவது ஒன்றே: அந்த நிழலைப் பார்க்கும்போதெல்லாம் சில கேள்விகளையும் உடன் வைத்துக்கொள்வோம். இவர்கள் இங்கே அமர அனுமதித்தவர் யார்? இவர்களை எழுப்பும் மணி யார் கையில் இருக்கிறது? இவர்கள் அமர்ந்திருக்க, நின்றுகொண்டிருப்பவர் யார்? விடை நமக்கு உவப்பாக இல்லையென்றால், ஓவியத்தைக் குறை கூறி ஆவதொன்றும் இல்லை. நாம் எழுந்து, நம் இருக்கையை நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும்.

டால்படிலின் சைக்கமோர் மரத்துக்கு அறிஞர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வயது கணிக்கிறார்கள். ஃபிரித்தின் படத்தில் வரும் அந்த நூறாண்டுக்கு முற்பட்ட காலத்திலும் அது நின்றிருக்க வேண்டும். அதன் நிழலில் ஆடியவர்களும் இருந்திருப்பார்கள்; கூலியைப் பற்றிக் கவலையோடு பேசியவர்களும் இருந்தார்கள். இரு சாராரையும் அந்த மரம் ஒன்றுபோலவே வெயிலிலிருந்து காத்தது.